4,130 மீட்டரில் பருப்புச் சோறு: அன்னபூர்ணா பேஸ் கேம்ப் விடுதியில் ஒரு ராத்திரி

நேபாளத்து அன்னபூர்ணா மலையின் அடிவார முகாமான பேஸ் கேம்புக்கு நடந்துபோய்த் திரும்பியிருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் ஒரு மாதமாக என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். அங்கே என்ன சாப்பிட்டீர்கள்? எங்கே படுத்தீர்கள்? மலை எப்படி இருந்தது என்பது மூன்றாவதாகத்தான் வருகிறது, சிலர் அதைக் கேட்பதே இல்லை. செட்டிநாட்டில் அப்படித்தான். வெளியூர் போய்வந்தவரிடம் முதலில் சாப்பாட்டை விசாரிப்பதுதான் எங்களுக்கு மரியாதை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் காரைக்குடியில் பலகாரம் போட்டு விற்கிறேன். கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை, மனகோலம். 27 வருடமாக அடுப்படிதான் எனக்கு உலகம். வயது 56. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு சேர்ந்து பழனிக்கு 11 முறை நடந்திருக்கிறேன். நடந்து களைத்தவருக்கு எந்த நேரத்தில் எதைக் கொடுக்க வேண்டும் என்பதைச் சிங்கம்புணரியிலும் நத்தத்திலும் பந்தியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள். அந்தக் கண்ணோடுதான் இந்த மலை விடுதியையும் பார்த்தேன்.

போன ஐப்பசியில் காசிக்குப் போயிருந்தோம். அங்கே அன்னபூரணியின் தங்கச் சிலையைத் தீபாவளியை ஒட்டிய சில நாட்களில் மட்டும்தான் பார்க்க முடியும். நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863இல் ஏற்படுத்திய சத்திரத்தில் தங்கினோம். விசுவநாதர் பூசைக்கு வேண்டிய பொருள்களை அங்கிருந்து இன்றைக்கும் தினமும் ‘சம்போ, சம்போ’ என்று சொல்லிக்கொண்டே தெருவழியாக எடுத்துப்போகிறார்கள். மூன்றாம் நாள் ராத்திரி அண்ணன் மகள் கேட்டாள்: “அயித்தை, காசி வரைக்கும் வந்தாச்சு. இன்னும் கொஞ்சம் வடக்கே போனா அன்னபூரணி மலையாவே நிக்கிறா. வர்றீகளா?” அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், மலை ஏறிப் பழக்கம் உண்டு. கேள்வி திடீரென்று வந்ததில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. எனக்கு ஷூவும் கம்பளி உடுப்பும் ஏற்கெனவே வாங்கிப் பையில் வைத்திருந்தாள். மற்றவர்கள் ஊருக்கு ரயிலேற, நாங்கள் இருவர் மட்டும் கோரக்பூருக்கு ரயிலேறினோம்.

வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோரக்பூரிலிருந்து சுனௌலி எல்லை, அங்கிருந்து பேருந்தில் ஒரு முழு நாள் போக்கரா. நமக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால் போதும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். நாங்கள் போனபோது மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், நம்மைப் போன்ற சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு 1,000. நம் 100 ரூபாய் அங்கே 160. போக்கராவிலிருந்து ஜினு பக்கம் வரை ஜீப். அப்புறம் சோம்ரோங், சினுவா, பாம்பூ, தோவன், ஹிமாலயா, தேவ்ராலி என்று ஒவ்வொரு ஊராக நடை. எல்லாம் கற்படிகள். சோம்ரோங்கில் ஏறிய உயரத்தை எல்லாம் ஆற்றுவரைக்கும் இறங்கித் தொலைத்துவிட்டு எதிர்மலையில் மறுபடி ஏற வேண்டும். பழனியின் ஏறக்குறைய 700 படியை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், இது பல பழனி.

இங்கே விடுதி என்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் குறைநிறை பேச முடியும். பெரிய ஓட்டல் கம்பெனி எதுவும் இல்லை. பெரும்பாலும் குருங் இனக் குடும்பங்கள் நடத்துகிறவை. ஒரு ஊரில் எந்த விடுதிக்குப் போனாலும் சாப்பாட்டு அட்டையும் விலையும் ஒன்றுதான், அவர்களே கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள். அறை வாடகை குறைவு, ஆனால் சாப்பாட்டை அங்கேயேதான் சாப்பிட வேண்டும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. படுக்கையில் இலாபம் பார்க்காமல் சமையலில் பார்க்கிறவர்கள் சமையலைக் கவனமாகச் செய்வார்கள்.

உயரம் கூடக் கூட விலையும் கூடும். அதைக் கொள்ளை என்று முகம் சுளிக்கிற ஆட்களை வழியில் பார்த்தேன். அவர்கள் ஒரு காலைநேரம் படியோரமாக உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அரிசி மூட்டை, எண்ணெய் டின், கேஸ் சிலிண்டர் எல்லாம் மூங்கில் கூடையில் ஏறி, நெற்றியில் மாட்டிய பட்டையில் தொங்கி, மனிதர் முதுகில் போகிறது. கூடைக்கு தோகோ என்று பெயர், பட்டைக்கு நாம்லோ. சோம்ரோங்குக்கு மேலே விறகு எரிக்கத் தடை, அதனால் அடுப்பெரிக்கிற எரிபொருளும் கீழேயிருந்து சுமந்துதான் வர வேண்டும். கல்யாணச் சமையலுக்கு நாங்கள் மூட்டை தூக்கக் கூலி பேசுகிறவர்கள். ஒரு மூட்டை அரிசியை நான்கு நாள் படியேற்றினால் கூலி என்னவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்கப்புறம் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னொன்று, சினுவாவைத் தாண்டிவிட்டால் மேலே இறைச்சி கொண்டுபோவதில்லை. அது தெய்வத்தின் இடம் என்பது அந்த மலை மக்களின் நம்பிக்கை. பாதயாத்திரைக்கு விரதம் இருந்து பழகிய எனக்கு அதைக் கேட்டபோது தெரிந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருந்தது.

எல்லா விடுதியும் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். நடுவழியில் ஒன்றில் மத்தியானம் பருப்பைத் திரும்பத் திரும்பச் சூடுபண்ணி, தண்ணீர் ஊற்றி ஊற்றி, கடைசியில் மஞ்சள் நிறத் தண்ணீரைத்தான் கொடுத்தார்கள். சோறு அடிப்பானையில் இருந்தது, காய்ந்து விறைத்துப்போயிருந்தது. இன்னும் கொஞ்சம் பருப்பு கேட்டதற்கு அந்தப் பெரியவர் கரண்டியை மேசையில் வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மழையில் நனைந்து வந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி தனியாளாக இருந்ததால் அறை இல்லை என்று அனுப்பிவிட்டார். அறைகள் காலியாக இருந்ததை நாங்கள் பார்த்தோம். தனியாளுக்குக் கொடுத்தால் ஒரு கட்டில் காசு நட்டம், அவ்வளவுதான் காரணம். அங்கே மறுபடி உட்காரவே கூடாது என்று திரும்பும்போது பசியோடேயே அந்த வாசலைக் கடந்து போனேன்.

சரி, மேலே வருகிறேன்.

தேவ்ராலி ஏறக்குறைய 3,200 மீட்டர். பேஸ் கேம்ப் 4,130. பலர் தேவ்ராலியில் தூங்கி எழுந்து ஒரே நாளில் 900 மீட்டர் ஏறி மேலேயே படுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால் முதல் நாள் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் மறுநாள் தூங்கக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்கிற கணக்கு. இடையில் மச்சப்புச்சரே பேஸ் கேம்ப் 3,700இல் இருக்கிறது. நாங்கள் அங்கே ஒரு ராத்திரி தங்கினோம். எனக்கு அங்கே பின்மண்டையில் வலி இருந்தது, சோறு இறங்கவில்லை. விடியற்காலை வலி போய், பசி வந்தபிறகுதான் அண்ணன் மகள் என்னை மேலே கூட்டிப்போனாள். வலி கூடியிருந்தால் இறங்கியிருப்போம். அதில் பேச்சே இல்லை என்று போக்கராவிலேயே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அங்கிருந்து பேஸ் கேம்ப் மெதுவாக நடந்து இரண்டரை மணி நேரம். மரம் இல்லை, புதர்கூடக் குறைவு. காய்ந்த புல்லும் கல்லும் ஓரமாக ஓடும் நீரும்தான். பின்னால் திரும்பினால் மச்சப்புச்சரே. மீன்வால் என்று பொருள். 6,993 மீட்டர். 1957இல் ஏறப்போன ஆங்கிலேயர்கள் உச்சிக்குக் கொஞ்சம் கீழேயே நின்று திரும்பிவிட்டார்கள், அதற்கப்புறம் அதில் ஏற யாருக்கும் அனுமதி இல்லை என்று வழிகாட்டித் தம்பி சொன்னார். அவரும் குருங்தான், என் மகன் வயது. என்னை ஆமா என்று கூப்பிடுவார். நேபாளியில் அம்மாவுக்கு ஆமா. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் நான் நினைத்ததற்குச் சம்மதம் சொல்வது போலவே காதில் விழும்.

விடுதிக்குள் நுழைந்தது மத்தியானம் 12 மணிக்கு. கல்லடுக்கிய சுவர், தகரக் கூரை, நீளமாக ஒரு வரிசை அறைகள், நடுவில் சாப்பாட்டுக் கூடம், அதை ஒட்டி அடுப்படி. நடத்துகிற அம்மாளை எல்லோரும் தீதி, அதாவது அக்கா என்று கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிட வயதில் சின்னவர். அவர் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வேண்டும். பெயர் கேட்கவில்லை, அறை கேட்கவில்லை, அனுமதிச் சீட்டு கேட்கவில்லை. என் கையுறையைக் கழற்றி, விரலைத் தொட்டுப் பார்த்து, இரண்டு கையிலும் பிடிக்கிற மாதிரி பெரிய ஸ்டீல் குவளையில் இஞ்சித் தேநீர் கொடுத்தார். உட்கார்ந்து பாதி குடித்த பிறகுதான் மற்றதெல்லாம். நத்தத்தில் காவடி வந்து இறங்கியதும் இப்படித்தான், முதலில் நீர்மோரும் பானகமும், அப்புறம்தான் எந்த ஊர் என்ற கேள்வி. ஒரு விடுதி நல்ல விடுதியா என்று பார்க்க எனக்கு இது ஒன்று போதும்.

அறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒட்டுப்பலகைத் தடுப்பு, மூன்று கட்டில், ஒவ்வொன்றிலும் பஞ்சணை, தலையணை, கனமான ஒரு ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை. சுத்தமாக இருந்தது. பக்கத்து அறைக்காரர் புரண்டு படுத்தால் நமக்குக் கேட்கும். அறைக்குள் சூடேற்ற எதுவும் கிடையாது, எதிர்பார்க்கவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கூட்டம் நெரிகிறது, வழிகாட்டியை முதல் நாளே போன் பண்ணி இடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்குப் பின்னால் வந்த நான்கு பேருக்குக் கூடத்து பெஞ்சுதான் படுக்கை.

இனி சாப்பாடு. இதைத்தான் நீங்கள் கேட்டீர்கள்.

சாப்பாட்டு அட்டை நீளமானது. பீட்சா, பாஸ்தா, நூடுல்ஸ், மோமோ, வறுத்த சோறு, கஞ்சி, முட்டை, திபெத் ரொட்டி, பூண்டு சூப், ஆப்பிள் பை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று சாயங்காலமே ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அண்ணன் மகள் ஆசைப்பட்டு மத்தியானம் பீட்சா சொன்னாள். கனத்த ரொட்டியின் மேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் உருக்கி வந்தது. பசிக்குச் சாப்பிடலாம், பீட்சாவுக்காக ஏங்கிப்போனவருக்கு ஏமாற்றம்தான். நான் பூண்டு சூப் குடித்தேன். உயரத்தால் வருகிற மலைநோய்க்கு அது மருந்து என்று வழி நெடுகச் சொல்கிறார்கள். அதை நம்பி உயரம் ஏறாதீர்கள். தொண்டைக்கும் வயிற்றுக்கும் இதமான பூண்டுச் சாறு, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். நம் பூண்டு ரசத்தில் இருக்கிற புளியும் மிளகும் அதில் இல்லை.

சாயங்காலம் தீதியிடம் அடுப்படியைப் பார்க்கலாமா என்று சைகையில் கேட்டேன். நானும் சமையல்காரிதான் என்று வழிகாட்டித் தம்பி சொன்னதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். மூன்று கேஸ் அடுப்பு, நான்கு பிரஷர் குக்கர், சுவர் முழுக்கப் பளபளவென்று தட்டுகள். பானையில் எதுவும் வேகவில்லை, எல்லாம் குக்கர்தான். ஏன் என்று எனக்கு அங்கேயே புரிந்தது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆவி பறக்கிறது, ஆனால் நம் ஊர்க் கொதிநீரின் சூடு அதில் இல்லை. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான், அதனால் தண்ணீர் 86 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. அந்தச் சூட்டில் திறந்த பானையில் அரிசி வைத்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி போக வெகுநேரம் ஆகும். பருப்பு லேசில் மலராது. மூடி அழுத்தம் கொடுத்தால்தான் சோறு சோறாகும். நடுவழியில் எனக்கு விறைத்த சோறு கிடைத்ததற்குச் சமாதானம் உயரமில்லை என்பதும் அப்போது உறுதியானது. இத்தனை மேலே, இந்தத் தண்ணீரில், தீதியின் சோறு பூவாக வந்திருந்தது. விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தேன், மாவாக மசிந்தது.

அப்புறம் அவர் நோட்டைக் காட்டினார். அன்று ராத்திரி 31 பேர், 14 வகைச் சாப்பாடு. மூன்று அடுப்பில் 14 வகை! ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை வேறு வேறு குழம்பு கேட்டால் எங்கள் மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். தீதி ஒன்றும் சொல்லவில்லை, ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார். நீங்கள் போனால் தயவுசெய்து எல்லோரும் ஒரே சாப்பாட்டைச் சொல்லுங்கள். கேஸ் மிச்சம், அவர்கள் உடம்பு மிச்சம், உங்களுக்கும் சீக்கிரம் சூடாக வரும். அந்த ஒரே சாப்பாடு தால் பாத் ஆக இருக்கட்டும்.

தால் பாத் என்றால் பருப்பும் சோறும். ஒரு பெரிய ஸ்டீல் தட்டு. நடுவில் சோறு, கிண்ணத்தில் பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, கடுகுக்கீரை வதக்கல், அப்பளம், முள்ளங்கி ஊறுகாய். பருப்பு நம் சாம்பார் மாதிரி கெட்டியில்லை, ஊற்றிப் பிசைகிற பதம். நெய்யில் ஜிம்பு என்று ஒரு காய்ந்த இலையைத் தாளிக்கிறார்கள். வெங்காயத்தாளும் பூண்டும் சேர்ந்த வாசனை, கொஞ்சமாகப் போட்டாலே கூடம் முழுக்க வருகிறது. கிழங்கில் திமூர் என்ற மலைமிளகு. காரம் இல்லை, நாக்கு நுனி கொஞ்ச நேரம் சிலிர்த்து மரத்துப்போகும். கல்பாசியும் அன்னாசிப்பூவும் மராட்டி மொக்கும் வறுத்தே வளர்ந்த என் நாக்குக்கு இது முற்றிலும் புதிய சங்கதி.

இதில் முக்கியமானது மறுசோறு. தால் பாத்துக்கு மட்டும் சோறும் பருப்பும் கறியும் திரும்பத் திரும்பக் காசில்லாமல் வரும். மற்ற எதற்கும் கிடையாது. தீதி கேட்டுவிட்டுப் போடுகிறவர் இல்லை. தட்டில் சோறு பாதியானதும் தோளுக்குப் பின்னாலிருந்து கரண்டி வந்துவிடும். தட்டின் மேல் கையை விரித்துக் காட்டி “புக்யோ” என்று சொன்னால்தான் நிறுத்துவார். போதும் என்று அர்த்தம். இலைக்கு மேல் கையை மறித்து ‘போதும் ஆச்சி, போதும்’ என்று கெஞ்சி வளர்ந்த ஊர் எங்களுடையது. அந்தக் கையசைவுக்கு அங்கே மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை.

மச்சப்புச்சரேயில் இருந்த ராத்திரியிலிருந்து எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. வழிகாட்டிகளும் சுமை தூக்கி வந்த பையன்களும் விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சாப்பிடுகிறார்கள். இந்தப் பாதையில் எல்லா விடுதியிலும் அதுதான் வழக்கம். எங்கள் பையைச் சுமந்து வந்தவர் எட்டரை மணிவரை பசியோடு தட்டு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எங்களோடு சாப்பிடக் கூப்பிட்டதற்கு வழிகாட்டித் தம்பி, “வழக்கம் ஆமா” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். பழனி நடையில் காவடி எடுத்தவரும் வண்டி ஓட்டி வந்தவரும் ஒரே வரிசையில்தான் உட்காருவார்கள், முன்னால் நடந்து வந்தவருக்கு முன்னால் இலை. நடந்தவர்தான் அங்கே பெரியவர். சுமந்து நடந்தவர் அதைவிடப் பெரியவர். அவர்கள் கடைசியில் சாப்பிடுவது எனக்கு ஏற்கவில்லை, இதை எழுதும்போதும் ஏற்கவில்லை.

அதனால் பேஸ் கேம்பில் நான் காத்திருந்தேன். அண்ணன் மகள் கூடத்தில் மற்றவர்களோடு சாப்பிட்டாள். நான் எட்டரை மணிக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். தீதி ஒரு நிமிடம் தயங்கினார், அப்புறம் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மணைக்கட்டையை நகர்த்திப் போட்டார். வழிகாட்டிகள், சுமைக்காரர்கள், பாத்திரம் கழுவுகிற பெண், தீதி, நான். ஒன்பது பேர். அதே பருப்பு, அதே சோறு. கூடவே சாப்பாட்டு அட்டையில் இல்லாத இரண்டு சாமான்கள். ஒன்று குந்த்ருக், கீரையைப் புளிக்கவைத்துக் காயவைத்து, தண்ணீரில் கொதிக்கவிட்டுச் செய்த புளிப்புச் சாறு. அரிசி களைந்த நீரில் புளி சேர்த்து வைக்கிற எங்கள் வீட்டு மண்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். இன்னொன்று, சுட்ட தக்காளியும் பச்சை மிளகாயும் திமூரும் உப்பும் கல்லில் வைத்து நசுக்கிய துவையல். நான் பையிலிருந்து பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் எடுத்து வைத்தேன். எல்லோரும் ஆளுக்கொரு கரண்டி சோற்றில் போட்டுப் பிசைந்தார்கள். எங்கள் பையைச் சுமந்த தம்பி மூன்று முறை சோறு வாங்கினார். அந்தத் துவையலை நினைத்தால் இப்போதும் வாய் ஊறுகிறது. பயணம் முழுவதிலும் நான் சாப்பிட்ட சிறந்த சாப்பாடு அதுதான். அதை விருந்தாளிகளின் தட்டிலும் வையுங்கள், எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வையுங்கள் என்று வழிகாட்டித் தம்பி மூலமாகத் தீதியிடம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கூடத்து மேசைக்கு அடியில் கேஸ் ஹீட்டர் வைத்து, சுற்றிலும் கம்பளியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். காலை நீட்டினால் சொர்க்கம். அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று தனிக் காசு, ஆனால் உட்காரும்போது யாரும் சொல்லவில்லை, காலையில் பில்லில்தான் தெரிந்தது. வாங்குங்கள், தப்பில்லை, சுவரில் எழுதிவிட்டு வாங்குங்கள். போன் சார்ஜுக்கும் வைஃபைக்கும் வெந்நீருக்கும் தனித்தனி விலை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், இதையும் பக்கத்தில் எழுத எவ்வளவு நேரமாகும்?

கழிப்பறை வெளியே, பொது. இருட்டில் கல்லில் நடந்து போக வேண்டும். பீப்பாய்த் தண்ணீரின் மேலே பனிக்கட்டி, குவளையால் உடைத்துத்தான் மொண்டேன். குளிரை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் அந்த வழியில் ஒரு சோலார் விளக்கு இல்லை, கை கழுவச் சோப்பும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வழுக்கி விழப் பார்த்தேன். என் வயதுக்காரர்கள் வருகிற இடம், இதை அவர்கள் செய்தே ஆக வேண்டும்.

தூக்கம் பாதிதான். அது விடுதியின் குற்றம் இல்லை, உயரத்தின் வேலை. கண் அசரும்போது மூச்சு நின்று, சட்டென்று பெரிதாக வாங்கி எழுந்துவிடுகிறோம். முதல் முறை பயந்துபோனேன். அந்த உயரத்தில் பலருக்கும் அப்படி வரும் என்று அண்ணன் மகள் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தாள். ஆக்ஸிஜன் 84. ஊரில் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய எண். தலைவலி இல்லை, தள்ளாட்டம் இல்லை, பேச்சு தெளிவாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். தீதி சொல்லிக்கொடுத்த ஒரு வித்தையைக் குறித்துக்கொள்ளுங்கள்: படுக்கப் போகும்போது ஒரு பாட்டில் வெந்நீர் வாங்கி, இறுக மூடி, காலுறைக்குள் போட்டு ரஜாய்க்குள் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். விடியும்வரை கால் கதகதப்பு, காலையில் அதே தண்ணீர் குடிக்கவும் ஆகும்.

ஐந்தரை மணிக்கு எல்லோரும் வெளியே. சுற்றிலும் மலைச்சுவர், நடுவில் நாங்கள் கிண்ணத்துக்குள் நிற்பது போல. எதிரே அன்னபூர்ணா 8,091 மீட்டர். உலகத்தில் 8,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் மனிதர் முதலில் உச்சி தொட்டது இதைத்தான், 1950 ஜூன் 3இல், வடக்குப் பக்கமாக ஏறிய பிரெஞ்சுக்காரர்கள். விடுதிக்கு மேலே பனியாற்றின் கரையோரம், இந்த மலையில் 1997இல் பனிச்சரிவில் போன கசகஸ்தான் மலையேறி அனத்தோலி புக்ரியேவுக்கு ஒரு நினைவுக்கல், கொடிகள் கட்டி. அங்கே நின்றிருந்தபோது உச்சியில் மட்டும் வெளிச்சம் பட்டது. முதலில் செம்பு நிறம், அப்புறம் நல்ல பொன். பத்து நாளுக்கு முன்னால் காசியில், கூட்டத்தில் நசுங்கி, அரை நிமிடம் பார்த்த நிறம். அங்கே தங்க அன்னபூரணி கையில் கரண்டியோடு இருப்பாள். கை குவித்து நின்றேன். பின்னால் அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது, தீதி பேர் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே போனேன்.

காலைக்கு குருங் ரொட்டி, தேன், முட்டை. ரொட்டி நம் பூரியைவிடத் தடிமன், நடுவில் கீறிவிட்டுப் பொரிக்கிறார்கள். எண்ணெய் குடிக்கவில்லை, புது எண்ணெய். பொரிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த எண்ணெய்க் காய்ச்சல் பதம் எங்கள் கடையில்கூடத் தினமும் வருவதில்லை.

இருவருக்கு அறை, மத்தியானம், ராத்திரி, காலை, தேநீர், வெந்நீர், ஹீட்டர் எல்லாம் சேர்த்து 5,200 நேபாள ரூபாய், நம் பணத்தில் 3,250. ரொக்கமாகக் கொண்டுபோங்கள், போக்கராவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி இருப்பவர்கள், இருதயம், நுரையீரலுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கிளம்ப வேண்டாம். மற்றபடி, பழனிக்கு நடந்தவர் எவரும் மெதுவாகப் போனால் போய்விடலாம். நல்லெண்ணெய் கொண்டுபோங்கள், தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும்.

பலகாரம் என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்களுக்கு: நான்கு வகை கொண்டுபோயிருந்தேன். ஒட்டிய பாக்கெட்டுகள் எல்லாம் மேலே போகப் போகத் தலையணையாக உப்பிவிட்டன. மாவுருண்டையில் நெய் உறைந்து கல், வாயில் ஒதுக்கி வைத்துக் கரைத்துத்தான் தின்றோம். கைமுறுக்கும் சீப்புச்சீடையும் அந்த வறண்ட காற்றில் இங்கே இருப்பதைவிட மொறுமொறுப்பாக இருந்தன. கிளம்பும்போது மிச்சத்தைத் தீதி கையில் கொடுத்தேன். ஒரு முறுக்கை ஒடித்து வாயில் போட்டு, “மிட்டோ” என்றார், ருசி என்று அர்த்தம். உள்ளே போய் ஒரு பழைய மருந்துப் பாட்டில் நிறையத் திமூர் கொண்டுவந்து என் பைக்குள் வைத்தார்.

மிளகு ரசத்தில் அதில் நான்கு மணி நசுக்கிப் போடுகிறேன், வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, பாட்டில் பாதிக்கு வந்துவிட்டது. அண்ணன் மகள் பங்குனியில் மறுபடி போகிறாள். 2 கிலோ கைமுறுக்கும் 1 கிலோ சீப்புச்சீடையும் தனியாகக் கட்டி வைக்கிறேன். மாவுருண்டை வேண்டாம். அடுப்படிப் பந்தியில் உட்காருகிற ஒன்பது பேருக்கும் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.